தங்கைக்கு அரசியல் அறிவியலில் இடம் கிடைத்தது

தங்கைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது நான் ஒரு கல்விக் கண்காட்சியில் நின்றுகொண்டிருந்தேன். கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில், நான் வேலை செய்யும் தனியார் கல்லூரி இரண்டு மேசைகள் போட்டிருந்தது. பிள்ளைகளோடு வரும் பெற்றோரை உட்காரவைத்து, எந்தப் படிப்புக்கு எவ்வளவு கட்டணம், எங்கே கடன் கிடைக்கும், முடித்தால் என்ன சம்பளம் வரும் என்று சொல்வதுதான் என் வேலை. சம்பளக் கேள்விக்கு எங்களுக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "அது பிள்ளையோட முயற்சியப் பொறுத்தது ஆன்டி. ஆனா எங்க ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் நல்லா இருக்காங்க." காலையிலிருந்து அதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அம்மா அனுப்பிய குரல் பதிவைக் கழிவறைக்குப் போகும் வழியில் கேட்டேன்.

"பாப்பாவுக்கு யூனி கிடைச்சிருச்சு. வடக்க தூரமா இருக்காம். நீ படிச்சியே, அதே படிப்புதான். அப்பா உன்ன ஞாயித்துக்கிழமை வரச் சொல்றாரு. ஏதோ பேசணுமாம்."

சுவரோரமாக நின்று இரண்டாம் முறையும் கேட்டேன். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் ஒரு அசதி இறங்கியது. மின்தூக்கி பழுதான அடுக்குமாடியில் நம் வீட்டுத் தளம் வந்துவிட்டதென்று நினைத்து நிமிர்ந்தால் இன்னும் ஒரு தளம் இருக்குமே, அந்த மாதிரி. திரும்பிப் போய் மறுபடி மேசையில் உட்கார்ந்தேன். கணக்கியல் படிக்க வந்த ஒரு பையனின் அப்பா எதிரே காத்திருந்தார்.

எங்கள் வீடு கிள்ளானில். நான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அப்பா போர்ட் கிள்ளானில் கொள்கலன் இழுக்கும் லோரி ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காமல் போனபின் அதே நிறுவனத்தின் லோரி நிறுத்துமிடத்தில் வண்டிகளைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறார். தங்கை என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். நான் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அவள் முன்பல் விழுந்த பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். அதனால் கடுதாசி எது வந்தாலும், வங்கியோ காப்புறுதியோ, அது என் கைக்குத்தான் வரும்.

ஞாயிறு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் சர்ச்சிலிருந்து வந்து, உடுப்பு மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று ஆராதனையில் எழுந்து நின்று தங்கைக்காக நன்றி சொல்ல வேண்டுமென்று அம்மா ஆசைப்பட்டிருக்கிறார். பெரியவள் வந்து பேசட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா தடுத்துவிட்டார். அந்த மனத்தாங்கலில் அம்மா கோழிக் கறியைக் கொஞ்சம் சத்தமாகவே மேசையில் வைத்தார்.

அப்பா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"நீ படிச்சவ. நீயே சொல்லு. இந்தப் படிப்பு சோறு போடுமா?"

தங்கை ஜன்னலோர நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கைப்பேசியைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நர்சிங் இருக்கு லா," என்றார் அம்மா. "ஆஸ்பத்திரியே செலவு பண்ணுது. முடிச்ச உடனே வேல."

"எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும் மா."

"பழகிப்போகும்."

"பேசாம இருங்க," என்றார் அப்பா. "நான் பெரியவளக் கேக்குறேன்."

அந்தக் கேள்வி தங்கையின் படிப்பைப் பற்றியதா, என்னைப் பற்றியதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. என் பெயரில் சொந்தமாக ஒரு நாற்காலிகூடக் கிடையாது. மாதா மாதம் வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தேன், கல்விக் கடனுக்குக் கொஞ்சம் கட்டினேன், மீதி அறை வாடகைக்கும் ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று. சோறு போட்டது என்றும் சொல்லலாம், போடவில்லை என்றும் சொல்லலாம்.

"நான் அவகிட்ட தனியாப் பேசுறேன் பா," என்றேன்.

சாப்பிட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிள்ளான் நிலையத்தில் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயிலில் ஏறினேன். பிரிக்பீல்ட்ஸில் என் அறைக்குப் போய்ப் பேசலாம் என்று நினைப்பு. ஆனால் ரயில் ஷா ஆலாம் தாண்டுவதற்குள்ளேயே அவள் தொடங்கிவிட்டாள்.

"மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லாத கா. உனக்கு என்ன நடந்துச்சோ அதச் சொல்லு."

சரி என்று முதலிலிருந்து சொன்னேன்.

நான் அரசியல் அறிவியலைத் தேடிப் போகவில்லை. சட்டம் கேட்டேன், அடுத்துப் பொருளாதாரம் கேட்டேன், கிடைத்தது இது. ஆனால் போன முதல் பருவத்திலேயே பிடித்துவிட்டது. ஒரு விரிவுரையாளர் வகுப்புக்குள் வந்ததும், "உங்கள் ஊரில் பேருந்து நிறுத்தம் எங்கே இருக்க வேண்டுமென்று யார் முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நான் பள்ளிக்குப் போன காலமெல்லாம் நிழல் இல்லாத ஒரு நிறுத்தத்தில் வெயிலில் நின்றவள். அது மழை மாதிரி, வெயில் மாதிரி தானாக அமைந்தது என்று நினைத்திருந்தேன். யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து அதை முடிவு செய்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

"கடன்?" என்றாள் தங்கை.

"அது முதல் வாரமே. வரிசையில நின்னோம், கையெழுத்துப் போட்டோம். எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

"பர்ஸ்ட் கிளாஸ் எடுத்தா கட்ட வேணாமே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். கடைசிப் பரீட்சையில கொஞ்சத்துல போச்சு."

எவ்வளவு கொஞ்சம் என்று அவள் கேட்டாள். சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பட்டமளிப்பு முடிந்து வேலை தேடிய கதையைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் சொன்னேன். வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை, இரண்டு பேருக்கும் மறுபடி பசித்தது. நேர்முகத் தேர்வு எங்கே போனாலும், என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "என்ன, ஒய்.பி. ஆகப்போறீங்களா?" என்று சிரிப்பார்கள். ஒய்.பி. என்றால் தேர்தலில் ஜெயித்த மக்கள் பிரதிநிதி. நானும் சிரிப்பேன். பிறகு அவர்களிடமிருந்து அழைப்பு வராது. அரசாங்க வேலைக்கு எழுதினேன். நேர்முகம் வரை போனது, அதற்குமேல் போகவில்லை. கடைசியில் ஒரு வங்கியின் தொலைபேசிச் சேவையில் வேலை கிடைத்தது. கடன் அட்டை தொலைந்தவர்கள் கத்துவதைக் கேட்க வேண்டும். மாறி மாறி வரும் ஷிப்ட். மாதம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி சம்பளம்.

"பத்தாயிரத்து எண்ணூறுன்னு கேட்டுச்சு," என்று தங்கை கிண்டலடித்தாள்.

"அப்படின்னா நான் எதுக்கு உன்ன இந்தக் கடைக்குக் கூட்டிட்டு வரேன்."

அவள் சிரித்தாள். பரிமாறுகிற அண்ணன் ரசம் வேண்டுமா என்று கேட்டு, பதில் வருவதற்குள் ஊற்றிவிட்டுப் போனார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், எப்போதும் ஓட்டமாகத்தான் இருப்பார்.

"அப்புறம் அந்த ஆபீஸ்," என்றாள். அவளுக்கு அது அரைகுறையாக ஞாபகம் இருந்தது. பள்ளி விடுமுறையில் ஒருமுறை என்னோடு அங்கே வந்திருக்கிறாள்.

அது ஒரு ஒய்.பி.யின் சேவை மையம். கிள்ளான் பக்கம் ஒரு கடைவரிசையில் மேல்மாடி. என் படிப்புக்கு நெருக்கமாக நான் பார்த்த ஒரே வேலை அதுதான். வங்கியைவிடச் சம்பளம் குறைவு, ஆனாலும் போனேன். சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை உதவி, கணவன் விட்டுவிட்டுப் போன பெண்களுக்கு நலத்துறை உதவி என்று காலையிலிருந்து ஆட்கள் படியேறிக்கொண்டே இருப்பார்கள். ஒய்.பி. வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

அங்கே ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதிய அப்போது யாரும் போகவில்லை. பெற்றவர்கள் இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டார்கள். அதனால் அவருக்கு ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடையாது. இந்த நாட்டில் ஐசி இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இல்லை, முறையான வேலை இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக்காரர் கட்டணம். ஐம்பது வயதாகியும் போலீஸ் வண்டியைப் பார்த்தால் சந்துக்குள் ஒதுங்குகிறவர். அவரோடு நான் புத்ராஜெயாவில் இருக்கும் பதிவுத்துறைக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சாட்சி கேட்பார்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்டது. பிரசவம் பார்த்த பெண்மணியின் மகனைத் தேடி காஜாங்கில் ஒரு மதியம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டினோம். அவர் கிடைத்தார். வந்து சத்தியப் பிரமாணம் செய்தும் கொடுத்தார். அதற்குப் பிறகும் இழுத்தது. ஒருநாள் கடைசியாகக் கிடைத்தது.

"கிடைச்சப்ப அவங்க என்ன பண்ணாங்க?"

"அட்டையக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. 'போட்டோல கெழவி மாதிரி இருக்கேன்'னாங்க."

"உனக்கு என்ன குடுத்தாங்க?"

"ஒரு சீப்பு வாழப்பழம்."

"ஒய்.பி.?"

"பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அவங்களும் ஒய்.பி.யும். நான் ஓரத்துல நின்னேன். என் கை மட்டும் விழுந்துச்சு."

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கையை அம்மா வெட்டி வைத்திருக்கிறார் என்று சொன்னதும் இன்னும் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த தேர்தலில் அந்த ஒய்.பி. தோற்றார். ஒரு வாரத்துக்குள் பெயர்ப்பலகை இறங்கியது, கடையைக் காலி செய்தோம். எனக்கு வேலை போனது. ஆனால் ஆட்களிடம் இருந்தது என் சொந்தக் கைப்பேசி எண். அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "மா, என் மனு என்னாச்சு? மா, லைட்டு எரியல மா." மையம் மூடிவிட்டது அண்ணே என்று சொல்வேன். "சரி மா, ஆனா அந்த மனு?" என்பார்கள். சம்பளம் இல்லாமல் ஒரு வருடம் போல நான் அந்த மனுக்களின் பின்னால் அலைந்தேன். அந்த நாட்களில் கடன் கட்டுவது தள்ளித் தள்ளிப் போனது. அது வளர்ந்தது. பிறகுதான் இந்தக் கல்லூரி வேலை. முன்பைவிடச் சம்பளம் தேவலை. ஆள் சேர்த்தால் கமிஷனும் உண்டு.

"அப்ப இன்னும் எவ்வளவு காலம் கட்டணும்?"

"உனக்கு என் இப்போதைய வயசு வர்ற வரைக்கும், கிட்டத்தட்ட."

அவள் கணக்குப் போடுவது கண்ணில் தெரிந்தது.

நான் மறைக்கவில்லை, ஆனால் பயமுறுத்தவும் நினைக்கவில்லை. என்னோடு படித்தவர்களில் நன்றாக இருப்பவர்களும் உண்டு என்று சொன்னேன். ஒருத்தி வெளியுறவுத் துறையில் இருக்கிறாள், ஒருவன் ஆய்வு நிறுவனம் ஒன்றில். அவர்களுக்குக் கடன் ஒரு பொருட்டே இல்லை. இன்னொருவன் அப்பாவின் உணவுக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கும் கடன் ஒரு பொருட்டில்லை. அவனுக்கு அந்தப் படிப்பே தேவைப்படவில்லை. யார் எந்தப் பக்கம் விழுவார்கள் என்று முதல் நாள் வரிசையில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது.

அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலையாகியிருந்தது. நான் கட்டிலில் சாய்ந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போகவா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு கா."

நான் யோசிக்கவில்லை. "போ," என்றேன்.

அது உண்மையாகச் சொன்னதுதான். இத்தனையையும் சொல்லி முடித்த பிறகும் என் வாயில் வந்த வார்த்தை அதுதான். அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் நான் தூங்கிப்போனேன். விழித்தபோது அவள் என் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று பையோடு நின்றாள்.

அப்பாவிடம் தொலைபேசியில், "போகட்டும் பா, நான் பாத்துக்குறேன்," என்று சொன்னேன். அவர் "ம்" என்றார். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். கல்லூரியில் புதிய மாணவர் சேர்க்கை நேரம். நாள் முழுக்கத் தொலைபேசி, சனிக்கிழமையும் வேலை. தங்கை அனுப்பும் செய்திகளுக்குக் கட்டைவிரலைக் காட்டி வைப்பதோடு சரி.

இடத்தை ஏற்றுக்கொள்வதாக இணையத்தில் பதில் சொல்லக் கெடு இருந்தது. கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து அம்மா கூப்பிட்டார்.

"அவ பதில் போடலியாம். வேணும்னே விட்டுட்டாளாம். நீ வா."

வேலை முடிந்து நேராகக் கிள்ளானுக்குப் போனேன். வழியெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் பார்த்தேன், அலுவலக நேரம் முடிந்துவிட்டிருந்தது. மேல்முறையீடு செய்யலாம், என்ன எழுத வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம் வாக்கியமாக அமைத்துக்கொண்டே போனேன். அந்த மாதிரி மனுக்கள் எனக்குக் கைவந்த வேலை.

தங்கை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மேல்முறையீடு போடலாம். நான் எழுதித் தரேன்," என்றேன்.

"வேணாம் கா. நான் மறந்து விடல. தெரிஞ்சுதான் விட்டேன்."

"நான் போன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்ன." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சொல்லும்போது கொட்டாவி விட்ட."

எனக்கு அது ஞாபகமே இல்லை.

"கண்காட்சியில மூணு நாள் நின்னுட்டு வந்திருந்தேன் டி. தூக்கம்."

"தெரியும் கா. நீ எப்பவும் அப்படித்தான் இருக்க. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பேர்ந்து நீ வீட்டுக்கு வந்தா மொதல்ல தூங்குவ. கிறிஸ்மஸுக்குக்கூடத் தூங்குவ. கணக்கெல்லாம் நீ சரியாத்தான் சொன்ன. சிலருக்கு நல்லா வரும், சிலருக்கு வராது, அது எல்லாப் படிப்புக்கும்தான். நான் கணக்கப் பாத்து முடிவு பண்ணல. உன்னப் பாத்துதான் பண்ணேன்."

கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். என் கை அவள் தோள்மேல் இருந்தது. அதை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். வெங்காய நெடியில் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். அது வசதியாகப் போயிற்று.

வெளியே அப்பா வாசல் கேட் அருகே தனியாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எதிர் வீட்டுக்காரர் காரைப் பின்னோக்கி நிறுத்துவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"லோரி யார்டுல ஒருத்தன்கிட்ட வேன் கேட்டு வச்சிருந்தேன்," என்றார். "எல்லாரும் போய் விட்டுட்டு வரலாம்னு. நீ போனப்ப எனக்கு லீவு கிடைக்கல. பஸ்ல ஏத்தி விட்டேன்."

"நீங்கதானே பா சோறு போடுமான்னு கேட்டீங்க?"

"கேட்டேன்." அவர் இடுப்பில் கைவைத்து முதுகை நிமிர்த்தினார். "நீ போடும்னு சொல்லுவன்னுதான் கேட்டேன். ஒங்கம்மா நர்சிங் நர்சிங்னு நிக்கிறா. நீ ஒரு வார்த்த அங்கயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நீ தனியாப் பேசுறேன்னு கூட்டிட்டுப் போயிட்ட."

அவர் வேண்டாம் என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் வேண்டாம் என்கிறேன் என்று தங்கை எடுத்துக்கொண்டாள். உண்மையில் வேண்டாம் என்று அந்த வீட்டில் யாருமே சொல்லியிருக்கவில்லை. அம்மாகூட, நர்சிங் பேச்சை எடுத்துக்கொண்டே, சர்ச்சில் எழுந்து நிற்பதற்கென்று ஒரு புடவையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

தங்கை போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி விட்டார். கப்பலில் வரும் பெட்டிகளுக்குச் சுங்கத்துறைப் பத்திரங்கள் தயாரிக்கும் வேலை. முதல் மாதம் தினமும் அழுதாள் என்று அம்மா சொன்னார். பிறகு பிடித்துக்கொண்டாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் சண்டை போட்டுப் பெட்டியை வெளியே கொண்டுவருவதில் அவள் கெட்டிக்காரி என்று பெயர் வந்தது. மாலை வகுப்புக்குப் போய் அந்தத் தொழிலுக்கு வேண்டிய சான்றிதழையும் எடுத்தாள். நிறுவனமே கட்டணம் கட்டியது. சில வருடங்களில் அவள் சம்பளம் என் சம்பளத்தைத் தொட்டது. பிறகு தாண்டியது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். அவளுக்குக் கடன் என்று ஒன்று இருந்தால் அது காருக்கு மட்டும்தான்.

உறவினர்கள் கூடும் இடங்களில் இப்போது அவள் உதாரணமாகிவிட்டாள். "சின்னவ புத்திசாலி லா. யூனி கிடைச்சும் போகல. இப்ப பாரு." பக்கத்தில் நான் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன். யாரும் என்னைக் குத்திச் சொல்வதில்லை. நான் அங்கே நிற்பது அவர்களுக்கு ஞாபகம் வருவதில்லை, அவ்வளவுதான். நானும் கணக்காகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி என்றுதான் நினைக்கிறேன். சில நாள் காலையில் ரயிலில் நிற்கும்போது, அவள் போயிருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்று யோசிப்பேன். நிலையம் வந்துவிடும். இறங்கிவிடுவேன்.

கல்லூரி மேசையில் நான் சொல்லும் பதில் மட்டும் மாறியிருக்கிறது. ஒருமுறை ஒரு அம்மா, "நீங்க என்ன படிச்சீங்க மா? என்ன சம்பளம் வாங்குறீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டார். சொன்னேன், இரண்டையும். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளிடம், "அக்காவுக்கு நன்றி சொல்லு," என்று எழுந்து போய்விட்டார். மேலதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டு, அப்படியெல்லாம் சொந்த விஷயம் பேசக்கூடாது என்றார். சரி என்றேன். இப்போதும் யாராவது கேட்டால் சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் கேட்பவர்கள் குறைவு.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தங்கை பிரிக்பீல்ட்ஸுக்குக் காரோடு வந்து என்னைக் கிள்ளான் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனாள். கோலாலம்பூரில் அவளுக்கு ஏதோ கூட்டம் இருந்திருக்கிறது. பெடரல் நெடுஞ்சாலையில் மழை, நெரிசல், எல்லாச் சிவப்பு விளக்குகளும் அசையாமல் நின்றன. நான் வழக்கம்போல இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன்.

"கா, தூங்காத. ஒண்ணு கேக்கணும்."

"ம்."

"தொகுதி எல்லைய மாத்தப்போறாங்கன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. நம்ம வீடு ஒரு தொகுதி, பின் ரோடு வேற தொகுதின்னு ஆயிருமாம். அந்தக் கோட்ட யாரு கா போடுறாங்க? அவங்க இஷ்டத்துக்குப் போடலாமா?"

சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தூங்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. ஆட்கள் தொகை ஒரே அளவாக இருக்க வேண்டாமா என்றாள். ஏன் ஒரு தொகுதியில் வாக்காளர்கள் அத்தனை பேர், இன்னொன்றில் இத்தனை பேர் என்றாள். ஆட்சேபம் சொல்ல வழி உண்டா, யார் சொல்லலாம், எத்தனை பேர் சேர்ந்து சொல்ல வேண்டும் என்றாள். அவள் கேட்ட சில கேள்விகளுக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பழைய வகுப்புகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் எப்போது இருக்கையை நிமிர்த்தினேன் என்று தெரியவில்லை. ஈரம் படிந்த கண்ணாடியில் விரலால் கிள்ளானை வரைந்து, ஆறு இங்கே, ரயில் பாதை இங்கே, எல்லைக் கோட்டை இப்படி வளைத்தால் யாருக்கு லாபம் என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவள் காரை நிறுத்தினாள். இயந்திரத்தை அணைக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள்.

கதவைத் திறந்துகொண்டு அம்மா எட்டிப் பார்த்தார். சாப்பாடு ஆறுகிறது என்று கையால் சைகை காட்டினார். தங்கை கார்க் கண்ணாடியை இறக்கி, "இரு மா, அக்கா பேசிக்கிட்டு இருக்கா," என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள்.